புழு கொழுக்கிறது, தவிடு நாறுகிறது: தீவனத்தில் பூஞ்சை நச்சு என்று சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் புழு வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகள் இரண்டே வகைதான். "புழு சாகிறது, தவிட்டில் விஷம் இருக்குமோ?" என்பது ஒன்று. "தவிட்டில் கொஞ்சம் பூசணம் தெரிகிறது, ஆனால் புழு நன்றாகத்தான் இருக்கிறது, போடலாம் அல்லவா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் நான் சொல்லும் பதில், விஷம் காரணமாக இருக்காது என்பது. இரண்டாவதற்குப் பதில், போடாதீர்கள் என்பது. இரண்டு பேருமே எதிர்பார்த்துக் கேட்பது இதற்கு நேர்மாறான பதிலை. அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கீழே வருவதெல்லாம் இரண்டு புழுக்களைப் பற்றியது. ஒன்று மாவுப்புழு, வளர்ப்புப் பறவைக் கடையில் மீல்வார்ம் என்று கேட்டால் தருவார்கள். இன்னொன்று பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, பண்ணைக்காரர்கள் பி.எஸ்.எஃப் என்று சுருக்கிவிட்டார்கள். நம் ஊரில் இவை கூண்டுப் பறவைக்கும் அரவானா மீனுக்கும் நாட்டுக்கோழிக்கும் போகின்றன. ஐரோப்பாவில் உலர்ந்த மாவுப்புழு 2021இல் மனிதர் தட்டுக்கே அனுமதி பெற்றுவிட்டது.

அவசரமாக இருப்பவர்கள் நேரே தங்கள் அறிகுறிக்குப் போகலாம். மற்றவர்கள் அடுத்த நான்கு பத்திகளையும் படித்துவிடுங்கள். பின்னால் குழப்பம் குறையும்.

பூஞ்சை வேறு, பூஞ்சை விட்டுப்போகும் நச்சு வேறு. பூஞ்சையைக் கண்ணால் பார்க்கலாம், மூக்கால் அறியலாம், வெயிலில் காயவைத்து வளரவிடாமல் தடுக்கவும் செய்யலாம். நச்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பூஞ்சை செத்த பிறகும் தானியத்திலேயே தங்கிவிடும். பச்சைப்பசேலென்று பூசணம் பூத்த தவிட்டில் நச்சு இல்லாமல் இருக்கலாம். பார்வைக்குத் தங்கம் போன்ற மக்காச்சோளத்தில் நிறையவே இருக்கலாம். நம் வெப்பத்துக்கு முதல் எதிரி அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் பச்சைப் பூஞ்சையும் அதன் பங்காளிகளும் மக்காச்சோளத்திலும் கடலையிலும் பருத்திக்கொட்டையிலும் இதை உண்டாக்குகின்றன. கோதுமையில் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சைகள் டியாக்சினிவாலினால், ஜியாரலினோன் என்று வேறு நச்சுகளை விடுகின்றன. தவிடு கோதுமையின் மேல்தோல் என்பதால், மணியில் இருந்த ஃபியூசேரியம் நச்சு மாவில் சேர்வதைவிடத் தவிட்டில்தான் அதிகம் சேரும்.

அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்ததே ஒரு தீவனக் கதைதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புற ஆதிவாசிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, கல்லீரல் கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

இதே நச்சு புழுவை மட்டும் ஏன் சாய்ப்பதில்லை? கெட்ட தானியத்திலும் அழுகிய பழத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூச்சிகளுக்குப் பூஞ்சை புதிய எதிரி அல்ல. அவற்றின் உடலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் கூட்டமும் வேறு சில நொதிகளும் நச்சின் வடிவத்தை மாற்றுகின்றன. நமக்கும் அந்த நொதிகள் உண்டு. ஆனால் நம் கல்லீரலில் அவை அஃப்ளாடாக்சின் வகைகளில் மிகக் கொடியதான பி1ஐ மாற்றும்போது மரபணுவோடு போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள் உருவாகிவிடுகிறது. புற்றுநோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரே வகைக் கருவிதான், விளைவு வேறு. மாற்றப்படாத மிச்சத்தைப் புழு எச்சத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது.

எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமில் தொடங்கி 0.5 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் பி1 கலந்து இரண்டு புழுக்களுக்கும் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் தீவனப் பொருளுக்கு வரம்பு 0.02 மில்லிகிராம், அவர்கள் போட்ட உச்ச அளவு அதைப்போல 25 மடங்கு. எந்தப் புழுவும் கூடுதலாகச் சாகவில்லை, எடையும் குறையவில்லை. பி.எஸ்.எஃப் புழுவில் நச்சு கண்டறியும் அளவுக்கே இல்லை. மாவுப்புழுவில் கொஞ்சம் தங்கியிருந்தது. அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புழுவுக்கு வந்த முடிவை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்ட முடியாது. வெட்டுக்கிளியும் வீட்டுச் சிள்வண்டும் வளர்ப்பவர்கள் "பி.எஸ்.எஃப்புக்கு ஒன்றும் ஆகவில்லையாம்" என்று என்னிடம் சொல்லும்போது நான் பதில் பேசுவதில்லை.

அறிகுறி: தவிடு வாடை அடிக்கிறது, கட்டி கட்டியாக இருக்கிறது, புழுவுக்கு ஒன்றும் இல்லை

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்திருக்கிறேன்.

ஒரு கார்த்திகை மாதம், பத்து நாள் விடாத மழை. வழக்கமான கடையில் வாங்கிய கோதுமைத் தவிடு ஆறு சாக்கு கொட்டகைச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தேன். ஐந்து நன்றாக இருந்தன. ஆறாவது சாக்கின் அடிப்பக்கம் கையை விட்டபோது உள்ளே வெதுவெதுப்பு. அள்ளி எடுத்தால் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டிகள். ஒன்றை விரலால் உடைத்ததும் சாம்பல் பச்சையாக ஒரு புகை எழுந்து தும்மல் வந்தது. அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த மக்கிய வாடை. அந்தச் சாக்கிலிருந்து நான்கு நாள் ஏற்கெனவே தட்டுகளுக்குப் போட்டிருக்கிறேன். தட்டைப் பார்த்தேன். புழு சரசரவென்று, ஓலைக்கூரையில் தூறல் விழுவதுபோல் சத்தம் போட்டுத் தின்றுகொண்டிருந்தது. "புழுவே தின்கிறது, அப்படியென்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது" என்று மனம் சொன்னது. அந்த எண்ணம்தான் தவறு.

புழு தின்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. ஜெர்மனியில் செய்த ஒரு சோதனையில் சில ஃபியூசேரியம் பூஞ்சைகள் படர்ந்த கோதுமை மணிகளை, சுத்தமான மணிகளைவிட அதிகமாகவே மாவுப்புழு நாடிப் போனது. வேறொரு ஃபியூசேரியம் படர்ந்ததைத் தொடாமல் விலகியது. ஆக, தின்றாலும் அர்த்தம் இல்லை, தின்னாவிட்டாலும் நச்சு என்று அர்த்தம் இல்லை. அரிசி கெட்டதா என்று பார்க்கக் காக்கைக்கு வைக்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

செய்யவேண்டியது இது. மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பச்சைப் புகை பூஞ்சையின் வித்து, நுரையீரலுக்கு ஆகாது. சாக்கைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய்ப் பிரியுங்கள். மேலே, நடுவில், அடியில் மூன்று இடத்திலும் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டி ஒரு மூலையில் மட்டும் இருந்தாலும் முழுச் சாக்கையும் ஒதுக்குங்கள். கட்டியைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைச் சலித்துப் போடலாம் என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. சலித்தால் கட்டி போகும். அதைச் சுற்றியிருந்த தூளோடு நச்சு தட்டுக்கு வந்துவிடும்.

ஒதுக்கிய சாக்கை என்ன செய்வது? குழி வெட்டி மண்ணைப் போட்டு மூடுங்கள். "மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடு தின்ற பி1, எம்1 ஆக மாறிப் பாலில் வரும். பாலில் எம்1க்கு இந்தியாவில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் வரம்பு. புழுவுக்குப் போடக்கூடாது என்று ஒதுக்கியதைக் குழந்தை குடிக்கும் பாலுக்குள் அனுப்பிவிட்டு எந்தக் கணக்கும் பார்க்க முடியாது.

ஏற்கெனவே அந்தத் தவிட்டைத் தின்ற தட்டுகளுக்கு அடையாளம் வைத்து விற்பனையிலிருந்து நிறுத்துங்கள். பழைய தவிட்டைச் சலித்து நீக்கி, புதிய தவிட்டில் சில நாள் தின்னவிட்டு, பிறகு பட்டினி போட்டு எடுக்கலாம். என் தட்டுகளுக்கு நான் ஒரு வாரம் கொடுத்தேன். அந்த ஒரு வாரத்துக்கு ஆய்வகக் கணக்கு எதுவும் கிடையாது, என் மன நிம்மதிக்குத்தான்.

அறிகுறி: புழு சாகிறது, அல்லது வளரவே இல்லை

இங்கே நச்சைக் கடைசியில் சந்தேகியுங்கள். வரம்பைப்போல 25 மடங்கு அஃப்ளாடாக்சின் தின்று கொழுத்த புழு உங்கள் தட்டில் மட்டும் ஏன் சாகவேண்டும்?

முதலில் தட்டின் நடுவில் விரலை விடுங்கள். புழு நெருக்கமாக இருந்தால் அதன் உடற்சூடே தட்டை வேகவைத்துவிடும். மாவுப்புழுவுக்கு 25 முதல் 28 டிகிரி சுகம், 35ஐத் தாண்டினால் ஆபத்து. கொட்டகையில் தொங்கும் வெப்பமானி காட்டுவது காற்றின் சூடு. தட்டின் நடுவில் அதைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். சித்திரையில் வரும் தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி இதுதான்.

அடுத்து, தட்டின் விளிம்பைப் பாருங்கள். வெளிறிய பழுப்புத் தூசி படிந்திருந்து, உற்றுப் பார்க்கும்போது அந்தத் தூசியே மெல்ல ஊர்ந்தால், அது மைட் என்று சொல்லும் நுண்பேன். ஈரம் மிகுந்தால் பூஞ்சையும் நுண்பேனும் சேர்ந்தே வரும். பூசணத்தைப் பார்த்தவர் பழியைப் பூசணத்தின்மேல் போட்டுவிட்டு நுண்பேனை விட்டுவிடுகிறார்.

மூன்றாவது, பூச்சிமருந்து. சந்தையில் வாங்கிய கேரட்டைக் கழுவாமல் வைத்தீர்களா? தவிட்டுச் சாக்கு இருந்த கிடங்கில் வண்டுக்கு மருந்து அடித்தார்களா? ஒரே இரவில் கூட்டமாக, உடல் முறுக்கிக்கொண்டு செத்தால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும். பூச்சியைக் கொல்லவென்றே செய்த மருந்து இருக்கும்போது பூஞ்சையை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டும்?

இவை மூன்றும் இல்லையென்றால் ஒரு சின்னச் சோதனை. ஒரே வயதுப் புழு நூறு நூறாக எண்ணி இரண்டு டப்பாவில் போடுங்கள். ஒன்றில் சந்தேகத் தவிடு, மற்றதில் வேறு கடையில் வாங்கிய புதுத் தவிடு. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும். பத்து நாள் கழித்து எண்ணி, நகைத்தராசில் எடை போடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குறை தவிட்டில் என்பது உறுதி. அது நச்சா, மருந்தா, சத்துக்குறைவா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆனால் சாக்கைத் திருப்பிக் கொடுக்க அது போதும்.

அறிகுறி: காய் வைத்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பஞ்சு போல்

கேரட் துண்டு பெரிது, அல்லது நேற்றைய துண்டை எடுக்கவில்லை. துண்டையும் அடியிலுள்ள ஈரத்தவிட்டையும் ஒரு கரண்டியால் அள்ளி வெளியே போடுங்கள். மெல்லியதாக நறுக்கி, வெட்டுவாய் கொஞ்சம் உலர்ந்த பிறகு, அன்றே தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். மாலையில் மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள். இதற்கு ஆய்வகம் தேவையில்லை.

அறிகுறி: புழுவில் நச்சு இருப்பதாக ஆய்வறிக்கை வந்திருக்கிறது

பதறவேண்டாம். எப்படிப்பட்ட புழுவை அனுப்பினீர்கள் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். தட்டிலிருந்து அள்ளி நேரே பையில் போட்டு அனுப்பியிருந்தால், ஆய்வகம் பார்த்தது புழுவை மட்டும் அல்ல. அதன் குடலில் இருந்த தவிட்டையும் உடம்பில் ஒட்டியிருந்த எச்சத்தையும் சேர்த்துத்தான். இவை இரண்டுமே நச்சு இருக்கும் இடங்கள்.

சரியான முறையில் மறுபடி அனுப்புங்கள். புழுவைச் சலித்துப் பிரித்து, வழவழப்பான காலித் தட்டில் போட்டு, 24 மணி நேரமாவது தீவனமின்றி வையுங்கள்; நான் 48 வைப்பேன். பட்டினி கிடக்கும்போது கழியும் எச்சத்தை அது மறுபடி தின்றுவிடாமல், இடையில் ஒருமுறை சலித்துத் தட்டை மாற்றுங்கள். பலர் செய்யாமல் விடும் படி இதுதான். அதே தட்டில் இரண்டு நாள் கிடந்த புழு தன் எச்சத்தையே தின்று பசியாறியிருக்கும். கடைசியாகத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, உறையவைத்து அனுப்புங்கள்.

இதற்குப் பிறகும் எண் குறையவில்லை என்றால் புழுவின் தசையில் கொஞ்சம் தங்கியிருக்கலாம். மாவுப்புழுவில் அது நடப்பதுதான். கனடாவில் டியாக்சினிவாலினால் கலந்த கோதுமையைக் கிலோவுக்கு 12 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தபோது மாவுப்புழுவில் சுமார் 0.13 மில்லிகிராம் இருந்தது. தின்றதோடு ஒப்பிட்டால் துளி. ஆனால் சுழி இல்லை. அப்போது புழுவைக் குறை சொல்லாமல் தீவனத்தைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: புழு சுத்தம், எச்சத்தில் நச்சு

இது கோளாறே அல்ல. புழு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நெதர்லாந்தில் டியாக்சினிவாலினால் இருந்த கோதுமை மாவைத் தின்ற மாவுப்புழுவை 24 மணி நேரம் பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். புழுவில் அந்த நச்சு அகப்படவில்லை. இயற்கையாகவே நச்சு ஏறிய மாவைத் தின்றவை அதில் 14 சதவீதத்தையும், ஆய்வாளர்கள் கையால் நச்சு கலந்த மாவைத் தின்றவை 41 சதவீதத்தையும் எச்சத்தில் விட்டிருந்தன.

கோளாறு எங்கே வருகிறது என்றால், அந்த எச்சத்தைச் "சத்து நிறைந்தது" என்று ஆட்டுத் தீவனத்திலோ மீன்குளத்திலோ போடும்போது. மாவுப்புழு எச்சம் மணல்போல் சுத்தமாக, வாடையில்லாமல் இருப்பதால் இந்த ஆசை வருகிறது. தோட்டத்துக்கு எருவாக மட்டும் போடுங்கள். சந்தேகத் தவிடு தின்ற தட்டின் எச்சத்தை வேர்க்கடலைப் பாத்திக்கும் நான் போடமாட்டேன்; உயிருள்ள பூஞ்சை வித்தும் அதில் இருக்கும், கடலைக்கு ஃபிளேவஸ் பழைய சிநேகிதன்.

அறிகுறி: தீவனத்தில் இருந்தது, புழுவிலும் இல்லை, எச்சத்திலும் முழுதாக இல்லை, கணக்கு உதைக்கிறது

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவரை எனக்குப் பிடிக்கும்.

உள்ளே போன நூறில் வெளியே பதினான்குதான் வந்தது என்றால் மிச்சம் ஆவியாகிவிடவில்லை. பெரும்பகுதி வேறொரு பொருளாக மாறியிருக்கும். அஃப்ளாடாக்சினை எடுத்துக்கொண்டால், ஆய்வகம் பி1 என்ற பெயருள்ள ஆளைத் தேடுகிறது. அவன் மீசையை மழித்துக்கொண்டு வந்தால் அடையாளம் தெரிவதில்லை. பி1 மாறக்கூடிய வடிவங்களில் அஃப்ளாடாக்சிகால் ஒன்று. இது திரும்பவும் பி1 ஆக மாறக்கூடியது என்பதுதான் சிக்கல். ஜியாரலினோன் தின்ற புழுக்களில் அது ஆல்ஃபா, பீட்டா என இரண்டு ஜியாரலினாலாக மாறுகிறது. இவற்றில் ஆல்ஃபா வகை, பெண்மை ஹார்மோனைப்போல் செயல்படுவதில் தாய்ப்பொருளைவிடவும் வீரியமானது. "நச்சு காணாமல் போய்விட்டது" என்பதை "நச்சுத்தன்மை காணாமல் போய்விட்டது" என்று படித்துவிட வேண்டாம்.

இதற்கு உங்களால் செய்யக்கூடியது ஆய்வகத்திடம் கேட்பதுதான்: எந்தெந்தப் பொருளைத் தேடினீர்கள், மாற்றுப்பொருள்களையும் பார்த்தீர்களா, எந்த முறையில்? எலைசா என்ற விரைவுச் சோதனை தானியத்துக்கென்று செய்யப்பட்டது; கொழுப்பும், கைட்டின் என்ற மேலோட்டுப் பொருளும் நிறைந்த புழுச்சாற்றில் அது தடுமாறும். தவிட்டையும் மக்காச்சோளத்தையும் எலைசாவில் பாருங்கள், மலிவு. புழுவையே பார்க்கவேண்டும் என்றால், எல்.சி. எம்.எஸ். என்று சொல்லும் கருவியில், புழு மாதிரிக்கு முறை சரிபார்த்த ஆய்வகமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தீவனத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் பழகிய இடம்.

அறிகுறி: ஒரே சாக்கு, இரண்டு அறிக்கை, இரண்டு எண்

ஆய்வகத்தைத் திட்டுவதற்கு முன், மாதிரியை எப்படி எடுத்தீர்கள்? அஃப்ளாடாக்சின் சாம்பாரில் உப்புப்போலக் கரைந்து பரவியிருப்பதில்லை, பொங்கலில் மிளகுபோல அங்கங்கே கிடக்கும். ஒரு கெட்ட மக்காச்சோள மணி உங்கள் கைப்பிடிக்குள் விழுந்ததா இல்லையா என்பதில்தான் அறிக்கையின் எண் இருக்கிறது.

சாக்கின் பல இடங்களிலிருந்து சிறுசிறு கைப்பிடியாக எடுங்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று கிலோவாவது வரட்டும். முழுவதையும் அரைத்து, கலந்து, விரிப்பில் வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பாகத்தை எடுத்து மறுபடி கலந்து பிரியுங்கள். அனுப்பவேண்டிய அளவு வரும்வரை இப்படியே. அரைக்காமல் பிரித்தால் பயனில்லை. தாளில் சுற்றி அனுப்புங்கள். ஈரமான பொருளைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வழியிலேயே பூஞ்சை வளர்ந்து, உங்களிடம் இல்லாத நச்சு அறிக்கையில் இருக்கும்.

பணத்தாள் பார்க்கும் ஊதா விளக்கில் மக்காச்சோளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. உடைத்த மணியில் பளிச்சென்ற பச்சை மஞ்சள் ஒளி தெரிந்தால் ஃபிளேவஸ் அங்கே குடியிருந்தது என்று யூகிக்கலாம். அந்த ஒளி பூஞ்சை விடும் கோஜிக் அமிலத்தால் வருவது, அஃப்ளாடாக்சினால் அல்ல. ஒளிர்ந்தால் வாங்காதீர்கள், ஒளிரவில்லை என்பதை நம்பியும் வாங்காதீர்கள். ஈரத்துக்கு அதைவிட நல்ல வழி உப்புப் பாட்டில். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மக்காச்சோளமும் கொஞ்சம் காய்ந்த தூளுப்பும் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்கள். கண்ணாடிச் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்தச் சாக்கு உங்களுக்கு வேண்டாம்.

அறிகுறி: உலர்த்தி விற்ற புழுவில் நச்சு, உயிரோடு இருந்தபோது இல்லை

இரண்டு வழிகளில் நடக்கலாம். ஒன்று, கணக்கு. உயிருள்ள மாவுப்புழுவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உலர்த்தியபின் அதே நச்சு மூன்றில் ஒரு பங்கு எடையில் இருக்கும். எண் மும்மடங்காகத் தெரியும். இரண்டு அறிக்கைகளையும் உலர் எடையில் ஒப்பிடுங்கள்.

மற்றது உண்மையான கோளாறு: உலர்ந்த பிறகு சேமிப்பில் பூஞ்சை ஏறியிருக்கிறது. சூடு ஆறுவதற்குள் பையில் அடைத்து, உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்ந்திருக்கும். செத்த புழுவிடம் நொதியும் இல்லை, எச்சமும் இல்லை. இங்கே உண்டான நச்சை மாற்றவோ வெளியே தள்ளவோ ஆள் கிடையாது. மறுபடி வறுத்தெடுத்தாலும் போகாது. அஃப்ளாடாக்சின் சிதைவதற்கு 200 டிகிரியை நன்றாகத் தாண்டவேண்டும். அந்தச் சூட்டில் புழு கரியாகிவிடும். எனவே அந்தப் பையைத் தூக்கி எறிவது தவிர வழியில்லை. அடுத்த முறை விரலால் நசுக்கினால் நொறுங்கும்வரை உலர்த்தி, தட்டில் முழுதாக ஆறவிட்டு, பிறகு அடையுங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அறிகுறி: "பூசண மக்காச்சோளம் பாதி விலைக்குக் கிடைக்கிறது, புழுதான் சுத்தம் செய்துவிடுமே" என்று ஒரு யோசனை

இதையும் அறிகுறியில்தான் சேர்க்கிறேன். கோளாறு தட்டில் இல்லை, நமக்குள் இருக்கிறது.

அந்த யோசனையில் அறிவு இல்லாமல் இல்லை. மனிதனுக்கும் மாட்டுக்கும் ஆகாத தானியத்தைப் புழுவுக்குக் கொடுத்துப் புரதமாக மாற்றலாமா என்றுதான் இந்த ஆய்வுகளே தொடங்கின. ஆனால் ஆய்வகத்தில் எவ்வளவு நச்சு உள்ளே போகிறது என்று அளந்து போட்டார்கள். ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதித்தார்கள். உங்கள் மலிவுச் சாக்கில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு நச்சா, நான்கு நச்சா என்பதும் தெரியாது. பரிசோதனைக்குச் செலவழித்தால் பாதி விலையில் மிச்சம் பிடித்தது அங்கேயே தீர்ந்துவிடும். ஐரோப்பியச் சட்டத்தில் வளர்ப்புப் பூச்சியும் பண்ணை விலங்குதான். அதற்குப் போடும் தீவனம் நச்சு வரம்புக்குள் இருக்கவேண்டும். வரம்பு மீறிய சரக்கை நல்ல சரக்கோடு கலந்து நீர்க்கச்செய்வதும் அங்கே குற்றம்.

இன்னொன்றும் உண்டு. பூஞ்சை நச்சில் காட்டும் சாமர்த்தியத்தைப் புழு எல்லாவற்றிலும் காட்டுவதில்லை. காட்மியம் என்ற உலோகத்தைப் பி.எஸ்.எஃப் புழு தீவனத்தில் இருந்ததைவிடப் பலமடங்கு உடம்பில் சேர்த்துவைக்கும். உலோகத்தை எந்த நொதியாலும் உடைக்க முடியாது. கழிவுத் தானியத்தோடு சாலையோரக் குப்பையையும் சேர்த்துக் கொட்டுபவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

டாக்சின் பைண்டர் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கோழிக்குப் போடுகிற அந்தக் களிமண் தூள், நச்சைக் குடலில் பிடித்து எச்சத்தோடு அனுப்பத்தான். புழு அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. அந்தப் பணத்துக்கு நான்கு மரப்பலகை வாங்கிச் சாக்குகளைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். சாக்கு வாங்கிய தேதியை அதன்மேலும், எந்தச் சாக்கிலிருந்து போட்டீர்கள் என்பதை ஒவ்வொரு தட்டின் பக்கவாட்டிலும் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். அந்தக் கார்த்திகையில் என் தட்டுகளில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆறாவது சாக்கு எந்த நாலு தட்டுக்குப் போனது என்று தெரியாமல் இருபத்திரண்டு தட்டையும் நிறுத்தி வைத்தேன்.